ஊராட்சிவரை வந்த ஃபைபர், வீட்டுவரை வருவதற்குள் என்ன ஆகிறது? பாரத்நெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊராட்சிச் செயலர்கள், அரசுப் பள்ளி ஆசிரியர்கள், கேபிள் தொழில் செய்கிறவர்கள், இ-சேவை மையம் நடத்துகிறவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் பேச்சிலேயே இருக்கின்றன. அளவுகளும் கணக்குகளும் களத்தில் அப்படியே பயன்படுத்தக்கூடியவை.

பாரத்நெட் என்றால் என்ன? இதுவும் ஒரு செல்போன் டவர் மாதிரியா?

இல்லை. இது கண்ணாடி இழைக் கேபிள் வழியாக நாட்டின் ஏறத்தாழ 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளை இணைக்கும் மத்திய அரசுத் திட்டம். 2011 அக்டோபரில் தேசிய ஆப்டிக் ஃபைபர் வலையமைப்பு என்ற பெயரில் ஒப்புதல் பெற்றது. பிறகு பாரத்நெட் ஆனது. ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து கேபிள் கிளம்பி ஊராட்சிக் கட்டடத்தில் உள்ள ஒரு ரேக்கில் (கருவிகளை அடுக்கிய அலமாரியில்) வந்து முடியும். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் இரண்டாம் கட்டப் பணியை மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனம் செய்கிறது. ஊராட்சிக்கு 1 ஜிகாபிட் என்பது அதன் இலக்கு.

ரேக்குக்கு அப்பால் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், வீடு எல்லாம் தனி வேலை. கேள்விகளில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஊருக்குள் கேபிள் வந்துவிட்டது என்பதும், ஊரில் நெட் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

2011-ல் ஆரம்பித்த வேலை இன்னுமா முடியவில்லை? எங்கே சிக்கல்?

முதலில் போட்ட கெடு இரண்டே ஆண்டு. ஆனால் முதல் ஒரு லட்சம் ஊராட்சிகளைக் கொண்ட முதல் கட்டம் 2017 டிசம்பரில்தான் முடிந்தது. செலவைக் குறைக்க, ஒன்றியத்திலிருந்து பாதித் தூரத்துக்கு பி.எஸ்.என்.எல். ஏற்கெனவே புதைத்திருந்த கேபிளைப் பயன்படுத்திக்கொண்டு, மிச்சத் தூரத்துக்கு மட்டும் புதுக் கேபிள் போட்டார்கள். பழைய கேபிளில் ஏற்கெனவே பல ஜாயிண்ட்டுகள், பல ஒட்டுகள். புதுப் பகுதி நன்றாக இருந்தும் பழைய பகுதி அறுந்தால் ஊராட்சி இருட்டுதான். இதோடு தண்டவாளத்தைக் கடக்க ரயில்வே, சாலையோரம் தோண்ட நெடுஞ்சாலைத் துறை, காட்டு வழியே போக வனத்துறை என்று ஒவ்வொரு அனுமதியும் தனித்தனி. தமிழ்நாட்டில் கூடுதலாக, முதலில் விட்ட டெண்டரை 2020-ல் மத்திய அரசின் உத்தரவால் ரத்துசெய்து மறுபடி விட வேண்டிவந்தது.

எங்கள் பார்வையில் இவற்றைவிடப் பெரிய குறை வேறு. கேபிள் போடுவதற்குப் பணம் இருந்தது, போட்டதைப் பல ஆண்டு உயிரோடு வைத்திருக்கப் போதிய பணமும் பொறுப்பான ஆளும் இல்லை. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற 1,39,579 கோடி ரூபாய் திருத்திய திட்டத்தில் 10 ஆண்டுப் பராமரிப்பும் சேர்ந்திருக்கிறது. காலம் கடந்து வந்தாலும் அது சரியான திருத்தம்.

ஈ.பி. கம்பத்தில் தொங்குகிற கறுப்புக் கேபிளுக்குள் செம்பு இருக்கிறதாமே?

கிடையாது. அது முழுக்கக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் உறுதிக்கான நாரும்தான். உலோகம் இல்லாத கேபிள் என்பதால்தான் மின்கம்பத்திலேயே கட்ட முடிகிறது. தமிழ்நாட்டில் கேபிளின் பெரும்பகுதி, சுமார் 85 விழுக்காடு, மின்கம்பங்கள் மேல் போகிறது. மீதிதான் தரைக்குள்.

செம்பு என்று நினைத்து வெட்டிப் பார்ப்பது பல மாவட்டங்களில் நடந்து, ஆட்சியர்கள் அறிக்கை விடும் அளவுக்குப் போயிருக்கிறது. பழைய இரும்புக் கடையில் பத்து ரூபாய்கூடத் தேறாது, ஆனால் வழக்கு வரும். இதை ஊர்க் கூட்டத்தில் ஒருமுறை சொல்லி, வெட்டிய ஒரு துண்டைக் கையில் கொடுத்துக் காட்டினால் போதும். நோட்டீஸ் ஒட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

அறுந்துபோன கேபிளை இரண்டு பக்கமும் இழுத்துச் சேர்த்து டேப் சுற்றினால் வராதா?

வராது. உள்ளே இருக்கும் ஒவ்வோர் இழையும் 125 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு தடிமன். ஒளி போகும் நடுப்பகுதி அதிலும் சுமார் 9 மைக்ரான்தான். இரண்டு முனையும் அந்த 9 மைக்ரான் நேருக்கு நேர் பொருந்தி உருகி ஒட்ட வேண்டும். அதற்குத்தான் ஸ்பிளைசிங் மெஷின்.

வேலை போகிற வரிசை இது: வெளி உறையை உரித்து, உள்ளே இருக்கும் பசையைத் துடைக்க வேண்டும். வெப்பத்தில் சுருங்கும் பாதுகாப்புக் குழாயை முதலிலேயே இழையில் கோத்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு கோக்க முடியாது, அவசரத்தில் அடிக்கடி மறப்பது இதைத்தான். பிறகு இழையின் மேல்பூச்சை உரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கிளீவரில் செங்கோணமாக வெட்டி, மெஷினில் வைத்து உருக்க வேண்டும். மெஷின் காட்டும் ஒளி இழப்பு 0.1 டி.பி.க்கு (டெசிபல், இழப்பை அளக்கும் அலகு) மேல் இருந்தால் வெட்டி மறுபடி செய்வதே நல்லது. நிறத்துக்கு நிறம் சேர்க்க வேண்டும். வரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், வெளிர்நீலம். 24 இழைக் கேபிளில் ஒரே நிறம் ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் இருக்கும். குழாய் மாறினால் நிறம் சரியாக இருந்தும் நெட் வராது.

இன்னொன்று: அறுந்த இடத்தின் இரு முனையும் எட்டாது. பக்கத்துக் கம்பத்தில் சுருட்டி வைத்த உபரிக் கேபிள் இருந்தால் ஒரு ஜாயிண்ட்டில் வேலை முடியும். இல்லாவிட்டால் நடுவில் துண்டு சேர்த்து இரண்டு ஜாயிண்ட். கம்பத்தில் வளையம் வளையமாகத் தொங்குவது வீண் கேபிள் என்று வெட்டி எடுத்துவிடாதீர்கள், பழுதுக்காக விட்டுவைத்தது அது.

மெஷினில் 4.2 கி.மீ. என்று காட்டுகிறது. அங்கே போய்ப் பார்த்தால் அறுந்த அடையாளமே இல்லையே?

ஓ.டி.டி.ஆர். என்ற அந்தக் கருவி இழைக்குள் ஒளித் துடிப்பை அனுப்பி, அது எதிரொளித்துத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்கிறது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். கருவி சொல்வது இழையின் நீளம், சாலையின் நீளம் அல்ல. குழாய்க்குள் இழை சற்றுத் தளர்வாக, முறுக்கிப் போவதால் 1 முதல் 2 விழுக்காடு கூடும். ஜாயிண்ட்டுக்கு ஜாயிண்ட் சுருட்டிவைத்த உபரியும் சேரும். வழியில் 20 மீட்டர் சுருள் பத்து இருந்தால் அதுவே 200 மீட்டர். ஆகவே 4.2 என்று காட்டினால் சாலையில் ஏறத்தாழ 3.9 கி.மீ.யிலிருந்து தேடத் தொடங்க வேண்டும்.

இதற்கு ஒரே நல்ல மருந்து பதிவேடு. எந்தக் கம்பத்தில் ஜாயிண்ட், எங்கே எத்தனை மீட்டர் சுருள், அந்த இடத்தில் கருவி எந்தத் தூரத்தைக் காட்டியது என்று ஒப்படைக்கும் நாளிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். ஒப்பந்ததாரர் போன பிறகு இந்தத் தாள் கிடைக்காது. அது இல்லாத ஊரில் ஒரு மணி நேர வேலைக்கு ஒரு நாள் அலைய நேரும்.

கரன்ட் போனால் நெட்டும் போகிறது. யு.பி.எஸ். இருந்தும் பதினைந்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஏன்?

முதலில் யு.பி.எஸ்.ஸில் வேறு என்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள். ஃபேன், பிரிண்டர், செல்போன் சார்ஜர் எல்லாம் அதிலேயே இருக்கும். லேசர் பிரிண்டர் ஒன்று போதும், ஒரே இழுப்பில் யு.பி.எஸ். படுத்துவிடும். ரேக்கைத் தவிர வேறெதற்கும் அந்த இணைப்பு கூடாது.

அடுத்தது கணக்கு. ரேக்கில் உள்ள கருவிகள் சேர்ந்து 60 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 4 மணி நேரத்துக்கு 240 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட், 42 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 504. அதில் பாதிக்கு மேல் தினமும் உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்பதால் கைக்கு வருவது 250 சொச்சம். ஆக 4 மணி நேரத்துக்கு அந்த ஒரு பேட்டரி சரி, 8 மணி நேரத்துக்கு இரண்டு. மூன்றாவது காரணம் வெயில். மூடிய ஈய பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பூட்டிய அறை, மேற்குச் சுவர் என்றால் ஐந்து வருடப் பேட்டரி இரண்டு வருடத்தில் போவதில் வியப்பில்லை.

இன்னும் ஒரு பழக்கம் உண்டு: மாலை கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது. சிக்கன எண்ணம் நல்லதுதான். ஆனால் இந்த ரேக் உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் உரியதல்ல. ஊராட்சிகளை வளையமாக இணைத்திருந்தால் அடுத்த ஊராட்சிக்கும் அதுவே பாதையாக இருக்கலாம். ரேக்குக்குத் தனி எம்.சி.பி. போட்டு, "அணைக்கக் கூடாது" என்று பெயின்டில் எழுதிவிடுங்கள். 60 வாட் கருவி நாள் முழுவதும் ஓடினால் மாதத்துக்கு 43 யூனிட்டுதான்.

1 ஜி.பி. என்றார்கள், போனில் சோதித்தால் 30 எம்.பி.தான் வருகிறது. ஏமாற்றா?

சோதித்த விதத்தைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். 1 ஜிகாபிட் என்பது ரேக்குக்கு வரும் பாதையின் அகலம். உங்கள் இணைப்புக்கு ஒதுக்கிய வேகம் திட்டத்தைப் பொறுத்தது. முதலில் லேப்டாப்பை நேராக லேன் கம்பியில் இணைத்துச் சோதியுங்கள். கம்பியில் நான்கு ஜோடியும் முடிந்திருக்க வேண்டும். இரண்டு ஜோடி மட்டும் கிரிம்ப் செய்திருந்தால் 100 மெகாபிட்டைத் தாண்டாது. லேப்டாப்பின் போர்ட்டும் ஜிகாபிட்டாக இருக்க வேண்டும்.

கம்பியில் சரியான வேகம் வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால் குறை வைஃபையில்தான். 2.4 கிகாஹெர்ட்சில், ஒரு சுவர் தாண்டி, 30 என்பது சாதாரணம். கம்பியிலேயே குறைந்தால் காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் சோதித்து எழுதுங்கள். காலையில் நன்றாக இருந்து இரவில் விழுந்தால் மேலே எங்கோ நெரிசல். எப்போதும் ஒரே அளவில் நின்றால் திட்ட வரம்பு. இந்த இரண்டு எண்ணோடு புகார் கொடுத்தால் "செக் பண்றோம் சார்" என்று தட்டிக்கழிக்க முடியாது.

ஒரே இழையிலிருந்து எத்தனை வீட்டுக்குக் கொடுக்கலாம்?

வீட்டு இணைப்பில் வழக்கமாகப் பயன்படுவது ஜிபான் முறை, அதாவது ஓர் இழையில் வரும் ஒளியை ஸ்பிளிட்டர் மூலம் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுப்பது. கீழ்நோக்கி 2.5 ஜிகாபிட், மேல்நோக்கி 1.25. 32 வீட்டுக்குப் பிரித்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக இழுத்தாலும் வீட்டுக்குச் சுமார் 78 மெகாபிட் கிடைக்கும். பெரும்பாலும் வேகம் முட்டுக்கட்டையாகாது, ஒளிதான் முதலில் தீர்ந்துபோகும்.

கணக்கு இப்படி. அனுப்பும் கருவி பிளஸ் 3 டி.பி.எம். (ஒளியின் வலிமையைக் குறிக்கும் அலகு) தருகிறது. 4 கி.மீ. கேபிளில் கி.மீ.க்கு 0.35 வீதம் 1.4 டி.பி. போகும். எட்டு ஸ்பிளைசில் 0.8, நான்கு கனெக்டரில் 1.6. முதலில் நாலாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் 7.2, அடுத்து எட்டாகப் பிரிப்பதில் 10.5. மொத்தம் 21.5. வீட்டில் கிடைப்பது மைனஸ் 18.5. வீட்டுப் பெட்டி மைனஸ் 27 வரை தாங்கும் என்பதால் இன்னும் 8.5 கையிருப்பு உண்டு. "இன்னும் நாலு வீடுதானே" என்று கடைசியில் ஒரு நாலு-ஸ்பிளிட்டரைச் சொருகினால் மைனஸ் 25.7 ஆகும். அன்றைக்கு வேலை செய்யும். மழையில் ஒரு கனெக்டர் ஈரமானதும் நின்றுபோகும். கையிருப்பாக 3 டி.பி.யாவது விடாமல் புது வீடு சேர்க்காதீர்கள்.

வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஆள் வருவதற்குள் நாமே என்ன பார்க்கலாம்?

சிவப்பு என்றால் பெட்டிக்கு ஒளி வரவில்லை. மறு இயக்கம் செய்வதால் பயனில்லை. முதலில் மஞ்சள் அல்லது வெள்ளைக் கம்பி எங்காவது கதவிடுக்கில், கட்டில் காலில் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். சாதாரண இழையை 3 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக மடக்கினால் ஒளி கசியும். வளைவைத் தாங்கும் வகைக்கும் 1 செ.மீ.க்குக் கீழே வேண்டாம். ஆணியடித்து மடக்கிய கம்பியை நேராக்கினாலே பல நேரம் சரியாகிவிடும்.

பிறகு கனெக்டரின் நிறம். பச்சை முனை சாய்வாகத் தீட்டியது, நீல முனை நேராகத் தீட்டியது. பச்சையை நீலத்தில் செருகினால் பொருந்துவதுபோல் இருக்கும், ஆனால் ஒளியில் பெரும்பங்கு வீணாகி முனையும் கீறும். முனையை விரலால் தொடாதீர்கள், ஊதாதீர்கள். பஞ்சோ நூலோ உதிராத துணியும் ஆல்கஹாலும் இருந்தால் துடைக்கலாம். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தெரியாததால் இல்லை என்று ஆகாது.

ரிங் முறை வந்துவிட்டதே, இனி அறுந்தாலும் நெட் போகாதுதானே?

ஓர் இடத்தில் அறுந்தால் போகாது. போக்குவரத்து மறுபக்கமாகச் சுற்றி வரும். முதல் கட்டத்தில் ஊராட்சிகள் ஒரே நேர்க்கோட்டில் தொங்கின. திருத்திய திட்டம் அவற்றை வளையமாக்குகிறது, இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் வளையத்தின் இரண்டு கையும் ஒரே கம்ப வரிசையில் போனால் அது பெயருக்குத்தான் வளையம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அப்படிப்பட்ட நாளில் கம்பத்தை நம்பிய இரண்டு கையும் சேர்ந்தே விழும். கடலோர மாவட்டங்களில் ஒரு கையாவது தரைக்குள் போவது அவசியம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. ஒரு கை அறுந்தும் நெட் ஓடுவதால் யாரும் பழுது பார்ப்பதில்லை. இரண்டாவது கை அறுகிற நாளில்தான் முதல் கை மூன்று மாதமாக அறுந்தே கிடந்தது தெரியவரும். வாரம் ஒருமுறை இரண்டு பக்கப் போர்ட் விளக்கும் எரிகிறதா என்று பார்த்தாலே போதும்.

குடிநீர்க் குழாய்க்கு ஜே.சி.பி. தோண்டும்போதெல்லாம் கேபிள் அறுகிறது. ஊராட்சியே தோண்டினால் யாரைக் கேட்பது?

நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் ஃபைபர் அறுப்புகள், 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அரசே சொல்கிறது. அதற்காகத்தான் 2023 மார்ச்சில் "கால் பிஃபோர் யூ டிக்" செயலி வந்தது. தோண்டப் போகிறவர் இடத்தையும் நாளையும் பதிந்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும்.

ஊராட்சி செய்யக்கூடியது எளிது: பணி ஆணையிலேயே "செயலியில் பதிந்த பிறகே தோண்ட வேண்டும், அறுத்தால் பழுதுச் செலவு ஒப்பந்ததாரருடையது" என்று ஒரு வரி. சாலையோரக் குறியீட்டுக் கல்லைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டுத் தோண்டுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கல் இருந்த இடத்தை முதலில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேபிளுக்கு மேலே புதைத்த எச்சரிக்கை நாடா தெரிந்ததும் ஜே.சி.பி. வாளியை நிறுத்தி, மண்வெட்டியால்தான் தோண்ட வேண்டும்.

நான் கேபிள் டிவி தொழில் செய்கிறேன். இதை எடுத்து நடத்தினால் கட்டுமா?

பாரத்நெட் உத்யமி முறையில் சந்தா வருவாயை உள்ளூர்த் தொழில்முனைவோர் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொள்கிறார். 399 ரூபாய்த் திட்டத்தில் 60 வீடு என்று வைத்தால், வரி நீங்கலாக மாதம் 23,940. உங்கள் பங்கு 11,970. இதிலிருந்து பெட்ரோல், வீட்டுக்கு இழுக்கும் டிராப் கேபிள், கனெக்டர், உதவியாளர் கூலி போக வேண்டும். 60 வீட்டில் இதை மட்டும் நம்பினால் கட்டாது. ஏற்கெனவே உள்ள டிவி இணைப்பு, ஆள், ஏணி, கம்ப வழி எல்லாவற்றோடும் சேர்த்து நடத்தினால் கட்டும். நூறைத் தாண்டினால் நிற்கலாம். ஸ்பிளைசிங் மெஷினைத் தொடக்கத்திலேயே வாங்கத் தேவையில்லை. ஒளி அளக்கும் பவர் மீட்டரும், சிவப்பு ஒளி பாய்ச்சும் பேனாவும், நல்ல கிளீவரும் போதும். பெரிய ஒட்டு வேலைக்கு ஆளை அழைத்துக்கொள்ளலாம்.

வீட்டு இணைப்பு எடுக்க வசதியில்லாதவர்களுக்கு, டீக்கடையிலோ மளிகைக் கடையிலோ சில ரூபாய்க்கு வைஃபை தரும் பி.எம்.-வாணி முறையும் உண்டு. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. கடைக்காரருக்கு உரிமமோ கட்டணமோ கிடையாது.

கேரளத்தில் கே-ஃபோன் ஓடுகிறது என்கிறார்கள். அங்கே என்ன வித்தியாசம்?

2023 ஜூன் 5 அன்று தொடங்கிய கே-ஃபோனில், கம்பங்களின் சொந்தக்காரரான கேரள மின்வாரியம் 49 விழுக்காடு பங்குதாரர். கம்பத்தில் ஏற அனுமதி, மின்தடை நேரம், கம்பம் மாற்றும்போது கேபிளை மாற்றிக் கட்டுவது எல்லாம் ஒரே வீட்டுக்குள் பேசி முடிக்கும் சங்கதி. நம்மிடம் கம்பத்தை மாற்றுகிறவர் ஒருவர், கேபிள்காரர் இன்னொருவர். கம்பம் மாற்றிய மறுநாள் கேபிள் தரையில் கிடப்பது அதனால்தான். மின்வாரிய உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கம்ப மாற்றப் பட்டியலை மாதந்தோறும் கேட்டு வாங்குவது இதில் பாதியைத் தடுக்கும்.

ஊரெல்லாம் 4ஜி, 5ஜி இருக்கிறதே. இதற்கு இவ்வளவு பணம் எதற்கு?

அந்த டவரும் எங்கோ ஓர் ஃபைபரில்தான் முடிகிறது. ஃபைபர் எட்டாத டவரில் சிக்னல் நாலு கோடு காட்டும், வேகம் வராது. டவரின் கொள்ளளவை அந்தப் பகுதியில் உள்ள எல்லோரும் பங்கு போடுகிறார்கள். திருவிழா அன்று பணம் அனுப்ப முடியாமல் நிற்பது அதனால்தான். ஒரு வகுப்பறையில் நாற்பது பேர் காணொளி பார்ப்பதும், சுகாதார நிலையத்திலிருந்து ஸ்கேன் படங்களை அனுப்புவதும் கைப்பேசியின் நாளொதுக்கீட்டில் நடக்காது. பாரத்நெட்டின் உபரி இழைகளை நிறுவனங்கள் குத்தகைக்கு எடுக்கலாம் என்பதால், இது டவருக்குப் போட்டியும் அல்ல.

அறிக்கையில் எங்கள் ஊராட்சி "சேவைக்குத் தயார்" என்று இருக்கிறது. யாரும் பயன்படுத்தவில்லை. எதை வைத்துக் கேள்வி கேட்பது?

"தயார்" என்பது சோதனை நாளில் கருவி பதில் சொன்னது என்பதற்கு மேல் எதையும் காட்டாது. மூன்று எண்களைக் கேளுங்கள். சென்ற மாதம் எத்தனை மணி நேரம் இணைப்பு உயிரோடு இருந்தது, எத்தனை ஜி.பி. தரவு போனது, புகார் கொடுத்ததிலிருந்து பழுது சரியாவதற்கு எத்தனை மணி நேரம் ஆனது. முதல் இரண்டும் கட்டுப்பாட்டு மையத்தின் கணினியில் தானாகப் பதிவாகும், தேட வேண்டியதில்லை. 720 மணி நேரத்தில் 700 உயிரோடு இருந்தும் தரவு பூஜ்யம் என்றால், குறை கேபிளில் இல்லை. ரேக்கிலிருந்து பள்ளிக்கும் இ-சேவை மையத்துக்கும் யாரும் கம்பி இழுக்கவில்லை. 400 மணி நேரமே இருந்தது என்றால், மேலே சொன்ன யு.பி.எஸ். கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

கிராம சபையில் இந்த மூன்று எண்ணையும் தீர்மானமாகக் கேட்கலாம். கூடவே ரேக் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் வெளியூர் போனால் யாரிடம் இருக்கும் என்று இரண்டு பெயர், இரண்டு தொலைபேசி எண் கதவிலேயே எழுதச் சொல்லுங்கள். பழுது பார்க்க வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப்போனதால் வாரக்கணக்கில் நின்றுபோன இணைப்புகள் ஏராளம்.